மைக்கண்ணிகளின் பாறை

"கமராவைக் கீழ விடுங்கோ."

பெனிட்டாவின் காதில் அது விழவேயில்லை. அந்த நேரத்தில் அவளுடைய உலகம் முழுவதும் லென்ஸ் வட்டத்துக்குள் இருந்தது. நீலத் தண்ணீர்... அதற்கு மேலே தனியாக ஒரு வெள்ளைப் பறவை... கொஞ்சம் முகத்தைக் காட்டினால் போதும். திரும்பு... ஒரே ஒரு தடவை...

பறவை திரும்பியது. பாலில் குளித்த மாதிரி உடம்பு. ஒரு கண்ணின் ஓரத்தில் தொடங்கி, பிடரியைச் சுற்றி, மறு கண்ணில் போய் முடியும் ஒரே இழுப்பான கறுப்புக் கோடு. அவள் விரல் பொத்தானைத் தொடப்போன நொடியில் வட்டம் இருண்டது. எவனோ ஒருவனுடைய உள்ளங்கை லென்ஸை மூடியிருந்தது.

அந்தக் கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். பறவை போய்விட்டது. எதிரில் ஒருவன் நின்றான். உப்புப் படிந்த சட்டை, முழங்கால்வரை மடித்துவிட்ட காற்சட்டை, அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத கண்கள்.

"ஏங்க, உங்களுக்கு என்ன பிரச்சினை?"

"எனக்கு ஒண்டுமில்லை. உங்களுக்குத்தான் வரப்போகுது."

அவன் கண்ணாலேயே காட்டினான். பறவை போன திசையில் கடற்படைத் தளத்தின் வேலி. வேலிக்கு மேலே காவல் கோபுரம். கோபுரத்தில் நின்ற சிப்பாய் ஏற்கெனவே இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பக்கம் படம் எடுக்கக் கூடாது. போர்ட் போட்டிருக்குது."

"எங்க போர்டு?"

"நீங்கள் சாய்ஞ்சுகொண்டு நிக்கிறது அதிலதான்."

பெனிட்டா மெல்ல விலகிப் பார்த்தாள். மும்மொழியிலும் எழுதியிருந்தது. அவன் சிப்பாய்க்குக் கையைத் தூக்கிச் சிங்களத்தில் ஏதோ சொன்னான். சிப்பாய் சிரித்துவிட்டு வேறு பக்கம் திரும்பினான். அவள் முகம் சூடானது... நன்றி சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

"அது என்ன பறவைன்னாவது தெரியுமா உங்களுக்கு? கரும்பிடரி ஆலா. மாலத்தீவுல இருக்கும், அந்தமான்ல இருக்கும். என் பட்டியல்ல நானூத்துப் பன்னிரண்டாவதா வந்திருக்கும்... உங்க கையால போச்சு."

"மைக்கண்ணியைச் சொல்லுறீங்களோ?" அவன் சாவகாசமாகக் கேட்டான். "அது ஒவ்வொரு வருசமும் வாறதுதானே. முட்டையும் இடுறது."

"சான்ஸே இல்ல. இலங்கையில இந்தப் பக்கம் அது முட்டை இடுதுன்னு எந்தப் புத்தகத்துலயும் இல்ல."

"அதுகள் புத்தகம் வாசிக்கிறேல்லை" என்றான். கரையில் கட்டியிருந்த வள்ளத்தில் ஏறி எஞ்சினை இழுத்தான். திருகோணமலைத் துறைமுகத்தின் அந்த ஆழமான நீலத்தில் வெள்ளையாக ஒரு கோடு கிழித்துக்கொண்டு போய்விட்டான்.

திமிர்... சரியான திமிர்... என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அறைக்குத் திரும்பினாள் பெனிட்டா.

அவளுக்கு இருபத்தொன்பது வயது. நாகர்கோவில் பெண், கோயம்புத்தூரில் பிசியோதெரபிஸ்ட். பிறருடைய கால்களை நிதானமாக நடக்கப் பழக்குவது தொழில். தன் கால்கள் மட்டும் ஓர் இடத்தில் தரிக்காது. விடுமுறை என்றால் பறவை. ஒன்றைப் பார்ப்பாள், எண் போடுவாள், அடுத்ததற்கு ஓடுவாள். வீட்டில் பார்த்த மூன்று வரன்களையும் அப்படித்தான் ஒரு காப்பி ஆறுவதற்குள் பார்த்து முடித்திருந்தாள். இந்தத் தடவை முதல் வெளிநாட்டுப் பயணம். திருகோணமலையில் மூன்று நாள். சனிக்கிழமை காலை கிளம்பிச் சிங்கராஜ வனத்தில் நான்கு நாள். அங்கே மட்டும் அவள் பார்த்திராத பறவைகள் பதினெட்டு.

மனையாவெளியில் ஜெனிதா அக்காவின் வீட்டில் மேல்மாடி அறை எடுத்திருந்தாள். மாலையில் இடியப்பமும் சொதியும் பரிமாறிக்கொண்டிருந்த ஜெனிதா, வாசல் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஜெனி, இவதான் இந்தியாவில இருந்து வந்த பிள்ளை. குருவி பாக்க வந்தவ. தங்கச்சி, இது என்ர தம்பி ஜெனிஸ்டன். கடலில ஆக்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறவன்."

கையில் ஒரு பாரை மீனோடு நின்றவன் அவனேதான்.

"தெரியும் அக்கா. என்னால இவவுக்கு ஒரு குருவி குறைஞ்சு போச்சாம்."

பெனிட்டாவுக்குப் புரையேறியது. தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் தள்ளிவிட்டு அவன் குசினிக்குள் போய்விட்டான். சின்னச் சிரிப்பு ஒன்று அவள் உதட்டில் ஒட்டிக்கொண்டது. துடைக்கப் பார்த்தாள்... போகவில்லை.

சாப்பிட்டு முடித்துக் கேட்டேவிட்டாள்.

"அந்த மைக்கண்ணி... நிஜமாவே முட்டை இடுதா?"

"ஓம்."

"எங்க?"

அவன் அவளையே பார்த்தான். ஏதோ நிறுத்துப் பார்ப்பவன் போல, நீண்ட நேரம்... அவள்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினாள்.

"விடிய அஞ்சு மணிக்கு வாங்கோ. ஆனால் ஒண்டு. இடத்தை ஆருக்கும் சொல்லக் கூடாது. வெறும் கல்லுக்கு மேலதான் அதுகள் முட்டை இடுறது. ஆக்கள் கிட்டப் போனால் அழிஞ்சு போம்."

"சத்தியமா சொல்ல மாட்டேன்."

அப்படிச் சொன்னபோது அவள் பொய் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை. துறைமுக வாய்க்கு வெளியே, வரைபடத்தில் பெயர் இல்லாத ஒரு பாறை. நன்றாக எட்டத்தில் வள்ளத்தை நிறுத்தினான் ஜெனிஸ்டன். கிழக்கே வானம் வெளுத்தது. தொலைநோக்கியைக் கண்ணில் வைத்த பெனிட்டா மூச்சை மறந்தாள். ஒன்றில்லை... இரண்டில்லை... மூன்று ஜோடிகள். மை தீட்டிய கண்களோடு, கல்லின் சிறு பள்ளங்களில் அடைகாத்துக்கொண்டு.

படம் எடுத்தாள். நாற்பது, ஐம்பது, நூறு. குறிப்பேட்டில் 412 என்று எழுதினாள். பேனாவை மூடினாள்.

"போகலாமா? எட்டு மணிக்குள்ள போனா காட்டுப் பக்கம் ஒரு சாம்பல் இருவாச்சி கிடைக்கும்."

"இப்பதானே வந்தனாங்கள்?"

"பாத்தாச்சே."

"என்னத்தைப் பாத்தீங்கள்?" அவன் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். "அந்தப் பெரிய கல்லில இருக்கிறது, பாருங்கோ, வெயில் ஏற ஏறச் செட்டையை ஒரு பக்கம் சரிக்கும். முட்டைக்கு நிழல். மற்றது மீனோட வந்தால்தான் இது எழும்பும். ஆறு வருசமாப் பாக்கிறன்... எனக்கு இன்னும் முடியேல்லை."

அவள் உட்கார்ந்தாள். கால் ஆடியது. அடக்கினாள். மறுபடி ஆடியது. அவன் அதைப் பார்த்தும் பார்க்காதவன் போலக் கடலைப் பார்த்தான்.

பத்து நிமிடம் கழித்துச் செட்டை சரிந்தது. முட்டை நிழலுக்குள் போவதைப் பார்த்தாள்... அடுத்த நிமிடமே கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

அன்று பின்னேரம் அவனே மோட்டார் சைக்கிளில் கப்பல்துறைப் பக்கம் கூட்டிப்போனான். இருவாச்சி கிடைத்தது. வேம்பின் உச்சியில் உட்கார்ந்து பழம் விழுங்கிக்கொண்டிருந்தது.

"நானூத்துப் பதிமூணு. அடுத்தது?"

"அது இன்னும் பறக்கவே இல்லை. அதுக்கிடையில அடுத்ததோ?"

"உங்களுக்கு எதுலயும் அவசரமே கிடையாதா?"

"இருந்தது. ஒருக்காக் கப்பல் வேலைக்கெண்டு போய் ரெண்டு வருசம் ஊர் ஊரா ஓடினனான். எத்தினை துறைமுகம் எண்டு கேட்டால் சொல்லுவன். எப்பிடி இருந்தது எண்டு கேட்டால் ஒண்டும் ஞாபகமில்லை."

சொல்லி வாய் மூடவில்லை, மழை பிடித்துக்கொண்டது. கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கிற மாதத்தில் எதிர்பாராத மழை. கண்டி வீதியோரம் பூட்டிக் கிடந்த ஒரு கடையின் தகரத் தாழ்வாரத்துக்கு ஓடினார்கள். ஒடுங்கிய தாழ்வாரம். இரண்டு பேர் நிற்கலாம், நெருங்கி நின்றால். கமராவை நனையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்த அவளுக்கு மழைப் பக்கம் முதுகைக் காட்டி மறைத்து நின்றான் அவன். அவன் முதுகு முழுக்க நனைந்தது.

நிமிர்ந்தாள். அவன் இமையில் ஒரு துளி நின்றது... விழுமா, விழாதா... எந்தப் பறவையையும் அவள் இத்தனை நேரம் பார்த்ததில்லை.

"மழை விட்டுட்டுது" என்றான் அவன்.

எப்போது விட்டது? அவளுக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்து அறைக்குள் நடந்தாள். ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். மனம் எதிலும் தங்கவில்லை. வேறு எதையாவது செய்யலாம் என்று போனை எடுத்தாள். பறவை பார்ப்பவர்களின் குழுவில் மைக்கண்ணியின் ஒரு படத்தைப் போட்டாள். இடம் போடவில்லை. இலங்கையில் முட்டையிட்டிருக்கிறது என்று மட்டும் எழுதினாள்.

பாராட்டுகள் குவிந்தன. அவற்றின் நடுவே ஒருவர், குழுவில் எல்லோரும் மதிக்கிற மூத்தவர், எழுதினார்: "விடுமுறைக்குப் போனவர் இரண்டே நாளில் இதைக் கண்டுபிடித்துவிட்டாரா? மாலத்தீவில் எடுத்த படமாக இருக்கும்."

பெனிட்டாவுக்குக் காது எரிந்தது. நான் பொய் சொல்கிறேனா? நானா? விரல்கள் அவளைக் கேட்காமலே ஓடின. துறைமுக வாய், திசை, தூரம்... எல்லாம். அனுப்பிய பிறகு நெஞ்சில் ஏதோ ஒன்று இடறியது. அழிக்கலாமா? காலையில் பார்த்துக்கொள்ளலாம்... போக வேண்டிய இடங்களில் வெருகல் ஆறு மீதி இருந்தது.

வெள்ளிக்கிழமை முழுவதும் அவள் தெற்கே இருந்தாள். தோப்பூர் வயல்வெளி, வெருகல் ஆறு, புதிதாக இரண்டு பறவைகள். மாலையில் திரும்பியபோது ஜெனிதா அக்கா சாப்பாட்டை மூடி வைத்திருந்தாள். "கடற்கரையில நிக்கிறான். போய்ப் பாருங்கோ தங்கச்சி" என்றாள், முகம் பார்க்காமல்.

ஜெனிஸ்டன் வள்ளத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவனுடைய கூட்டாளி அஸ்ஹான், இன்னொரு வள்ளக்காரன், தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"எனக்குத் தெரியாது தங்கச்சி" என்றான் அஸ்ஹான். "கொழும்பில இருந்து ஆக்கள் வந்து போனில இடத்தைக் காட்டினாங்க. நான் கூட்டிட்டுப் போனன்."

"ஏழு வள்ளம்" என்றான் ஜெனிஸ்டன். "பத்து மணியில இருந்து ஒரு மணி வரைக்கும். பறவையெல்லாம் மேல நிண்டு கத்திக்கொண்டு இருந்தது. கீழ கொதிக்கிற கல்லு. நான் போகேக்க ஒரு கூட்டில காகம் இருந்தது. மற்ற ரெண்டும் தப்புமோ தெரியாது."

பெனிட்டா அவன் முன்னால் போய் நின்றாள்.

"திட்டுங்க... ஏதாவது சொல்லுங்க."

"உங்களைத் திட்டி என்ன?" அவன் வாளியைக் கவிழ்த்து வைத்தான். "ஆறு வருசம் நான் ஆருக்கும் சொல்லேல்லை. அக்காவுக்கும் சொல்லேல்லை. உங்களுக்கு ஒரே நாளில சொன்னனான். ஏன் சொன்னனான் எண்டுதான் யோசிச்சுக்கொண்டு நிக்கிறன்."

அவன் போய்விட்டான். அலை வந்து அவள் செருப்பை இழுத்தது.

அறைக்கு வந்ததும் பதிவை அழித்தாள். அதற்குள் அது எங்கெங்கோ போயிருந்தது. புதிதாக ஒன்று எழுதினாள். "இந்தப் பறவையை நான் கண்டுபிடிக்கவில்லை. கண்டவர் இடத்தைச் சொல்லாதே என்றார். என்னைப் பொய்க்காரி என்று ஒருவர் சொன்னதற்காக நான் வாக்கை மீறினேன். ஒரு முட்டை போய்விட்டது. தயவுசெய்து யாரும் வராதீர்கள்."

பிறகு சிங்கராஜ வனத்து வழிகாட்டிக்குப் போன் போட்டு, வரவில்லை என்றாள். பதினெட்டுப் பறவைகள். சொல்லும்போது குரல் ஒரு தடவைதான் தடுமாறியது.

சனிக்கிழமை விடியும்போதே ஜெனிதா அக்காவிடம் ஒரு பிளாஸ்டிக் கதிரை வாங்கிக்கொண்டு வள்ளங்கள் புறப்படும் கரையில் போய் உட்கார்ந்தாள். பாறைக்குப் போக வந்தவர்களை ஒவ்வொருவராக மறித்தாள். கெஞ்சினாள்.

"நீங்க மட்டும் பாப்பீங்க, நாங்க பாக்கக் கூடாதா?" என்று கேட்டார் விடுமுறைக்குச் சென்னையிலிருந்து ஏற்கெனவே வந்திருந்த ஒருவர். நியாயமான கேள்வி.

"நான் பாத்ததாலதான் சார் ஒரு முட்டை போச்சு. படம்தான் வேணும்னா என்னோடதை எடுத்துக்கோங்க. உங்க பேர்லயே போட்டுக்கோங்க. போக மட்டும் வேண்டாம்."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பிப் போனார். இன்னொரு கூட்டம் சண்டை போட்டது. அப்போது அஸ்ஹான் வந்து அவள் பக்கத்தில் நின்றான். "எங்கட வள்ளம் எதுவும் அந்தப் பக்கம் போகாது. எல்லாரோடயும் கதைச்சிட்டன்" என்றான் உரக்க.

சனி முதல் திங்கள்வரை மூன்று நாளும் விடிய ஜெனிஸ்டனின் வள்ளம் அந்தக் கரையைக் கடந்து போனது. அவன் தலையைத் திருப்பவில்லை. அவள் கூப்பிடவில்லை. வெயிலில் அவள் கன்னம் கறுத்தது. ஞாயிறு பூசைக்குப் போன ஜெனிதா அக்கா ஒரு தொப்பி வாங்கி வந்து தலையில் வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை யாருமே வரவில்லை. காலை முழுவதும் ஒருவரும் பாறையைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் எழுந்து போகவும் இல்லை. "இனி என்னத்துக்குத் தங்கச்சி இருக்கிறீங்கள்?" என்று அக்கா கேட்டபோது அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கடலைப் பார்த்தாள்.

செவ்வாய் காலை வள்ளம் கடந்து போகவில்லை. கரைக்கு வந்தது.

"ஏறுங்கோ" என்றான்.

அன்று பின்னேரம் அவள் கொழும்புக்குப் புறப்பட வேண்டும். மறுநாள் விமானம். அது இருவருக்கும் தெரியும். முன்னைவிட இரண்டு மடங்கு எட்டத்தில் நங்கூரத்தைப் போட்டான். தொலைநோக்கியை அவளிடம் நீட்டினான்.

கமரா அறையிலேயே இருந்தது. அவள் பார்த்தாள்.

ஒரு கூட்டில், தாயின் நெஞ்சுக்குக் கீழே மணல் நிறத்தில் ஏதோ அசைந்தது. பஞ்சு மாதிரி. பிறகு அதற்கு ஒரு வாய் திறந்தது. மற்றக் கூட்டில் தாய்ப்பறவை அசையாமல் அடைகாத்தது. மூன்றாவது... வெறும் கல். பெனிட்டாவின் கண் கலங்கியது.

"அங்கால பாருங்கோ. இடப் பக்கம்."

முட்டையைப் பறிகொடுத்த ஜோடி. ஆண் பறவை அலகில் ஒரு சின்ன மீனோடு வந்து இறங்கியது. பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அது சுற்றி வந்தது. பெண் மறுபடி திருப்பிக்கொண்டது. அதுவும் விடவில்லை. கடைசியில் பெண் கழுத்தை நீட்டி, வாங்கிக்கொண்டது.

"திரும்பவும் முட்டை இடுமோ தெரியாது" என்றான் மெதுவாக. "ஆனால் போகேல்லை. நிக்குதுகள்."

அவள் தொலைநோக்கியை மடியில் இறக்கினாள். எவ்வளவு நேரமாகப் பார்த்திருக்கிறாள்? வெயில் தோளில் ஏறியிருந்தது. கால் ஆடவில்லை.

"நான் உங்களுக்குப் பண்ணினது..."

"அதைக் கதைக்க வேண்டாம். மூண்டு நாளாப் பாத்தனான்."

"திரும்பியே பாக்கலையே நீங்க?"

"அந்தக் கரையால போனால் எனக்குச் சுத்துப் பாதை" என்றான். "மூண்டு நாளும் வள்ளத்தில ஆக்களும் இல்லை."

அவளுக்கு அது விளங்க ஒரு நிமிடம் ஆனது. விளங்கியதும் நெஞ்சு தட்டத் தொடங்கியது... அவனுக்குக் கேட்டுவிடுமோ என்று பயப்படுகிற அளவுக்கு. இப்போது சொல்லாவிட்டால் கோயம்புத்தூரில் யாரிடம் போய்ச் சொல்வது?

"அந்தக் கதிரையில மூணு நாள் உக்காந்திருந்தேன். வாழ்க்கையில நான் அப்படி உக்காந்ததே இல்ல. பறவைக்காகன்னுதான் நினைச்சேன்..." அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "முதல் நாள் மட்டும்தான் பறவைக்காக."

தவறாகச் சொல்லிவிட்டேனா? நிமிர்ந்து பார்த்தாள்.

அவசரம் அறியாத அந்தக் கண்கள் தவித்துக்கொண்டிருந்தன. அவன் எழுந்தான். உட்கார்ந்தான். கயிற்றை எடுத்தான். போட்டான்.

"உங்களுக்கு அங்க வேலை. வீடு. எனக்கு இந்தக் கடலும் ஒரு வள்ளமும்" என்றான். "போகாதேங்கோ எண்டு சொல்ல எனக்கு உரிமை இல்லை. அது தெரிஞ்சுதான் மூண்டு நாளும் கதைக்காமல் போனனான்." குரல் கரகரத்தது. "இண்டைக்கு ஏலாது. சொல்லிப்போட்டன்."

"போய்த்தான் ஆகணும் ஜெனிஸ்டன். வியாழக்கிழமை வேலை."

"தெரியும்."

"வேலையை விடறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி சொல்லணும். வீட்ல அம்மாவைச் சமாளிக்கணும். இங்க ஆஸ்பத்திரியில பிசியோதெரபிஸ்ட் வேணுமான்னு அக்காகிட்ட ஏற்கெனவே கேட்டுட்டேன்."

அவன் அவளையே பார்த்தான். முகம் சிவந்து, என்ன செய்வது என்று தெரியாமல் எஞ்சினின் கயிற்றைப் பிடித்து இழுத்தான். எஞ்சின் உறுமியது. வள்ளம் முன்னுக்கு ஓடப் பார்த்து, ஒரு உலுக்கு உலுக்கி, நின்ற இடத்திலேயே நின்றது.

"நங்கூரம் கிடக்குது" என்றாள் பெனிட்டா.

அவன் எஞ்சினை நிறுத்தினான். அவள் பக்கத்துப் பலகையில் வந்து உட்கார்ந்தான். பாறையிலிருந்து பறவைகளின் சத்தம் மெல்ல வந்தது.

"கிடக்கட்டும்" என்றான்.